கிளைவ் படுத்திருந்த இடம்

டோரீன் சாய்ந்து கிடந்த மரத்தில் உட்கார்ந்து பிளாஸ்கைத் திறக்கும்போது நைஜல் பாதையில் வந்தான். வாயைத் திறக்கப் போனவனை உதட்டில் விரல் வைத்து அடக்கினாள்.

சற்றுத் தள்ளி, புளூபெல் பூக்களுக்கு நடுவில், அவள் கணவர் கிளைவ் குப்புறப் படுத்திருந்தார். முழங்கால் வலியோடு அவள் மெல்ல நடந்து வந்து சேர்வதற்குள் மனிதர் படுத்துவிட்டிருந்தார்.

“கேமராவுல என்ன மாட்டியிருக்கு?” நைஜல் கிசுகிசுத்தான்.

“மரங்கொத்தியா இருக்கும். போன வருஷம் நீ தும்மித் துரத்தினியே, அது.”

“அதை இன்னும் மறக்கலையா?”

“அவரா மறப்பாரு? சத்தம் காட்டாம சுத்திப் போ.”

அவர்களுடைய புகைப்படக் கிளப்பில் எழுதாத சட்டம் அது. ஒருவர் தரையில் படுத்துவிட்டால் மற்றவர்கள் மூச்சுக்கூட விடக் கூடாது. வசந்தம் வந்தால் அந்தக் காட்டில் வழிநெடுக இப்படி யாராவது விழுந்துகிடப்பார்கள், யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். நைஜல் நுனிக்காலில் நடந்து போனான். டோரீன் டீ குடித்தாள். முட்டை சாண்ட்விச்சும் தின்றாள். வெயில் இதமாக இருந்தது.

ஒரு ராபின் குருவி வந்து கிளைவின் முதுகில் உட்கார்ந்தது. எழுந்ததும் சொல்ல வேண்டும், நாலு நாளைக்குப் பீற்றிக்கொள்வார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டாள். அது கழுத்துவரை தத்திப் போய்க் காதோரம் கொத்திப் பார்த்தது. அவர் அசையவில்லை.

டோரீன் பூக்களை மிதித்துக்கொண்டு ஓடினாள்.

அவள் அலறல் கேட்டு நைஜல் திரும்பி வந்தான். கிளைவின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தவன் முகம் வெளுத்துவிட்டது. “பக்கத்துலதானே போனேன். நான் ஒரு குரல் குடுத்திருந்தா...”

“ரோட்டுக்குப் போய் போன் பண்ணு. இங்க சிக்னல் கிடைக்காது.”

அவன் போன பிறகு அவரைப் புரட்டினாள். மார்புக்கடியில் கேமரா இருந்தது. லென்ஸில் மூடி போட்டபடியே இருந்தது. அப்படியானால் படமெடுக்க அவர் படுக்கவேயில்லை. விழுந்திருக்கிறார். அவர் விழுந்து கிடக்க, தான் உட்கார்ந்து தின்றிருக்கிறோம் என்பது புரிந்ததும் அந்த மூடியைக் கழற்றினாள்.

ஆம்புலன்ஸ்காரர்களோடு நைஜல் வந்தான். கண் சிவந்திருந்தது.

“நான் தாண்டிப் போனப்ப அவரு படம் எடுத்துட்டுதானே இருந்தாரு டோரீன்?”

“ஆமா” என்றாள். “நீ சத்தம் போட்டிருந்தா உன்னை உண்டு இல்லைன்னு ஆக்கியிருப்பாரு.”

அவன் தலையாட்டிவிட்டு ஸ்ட்ரெச்சரின் ஒரு பக்கத்தைப் பிடித்தான். டோரீன் பின்னால் நடந்தாள். கோட்டுப் பைக்குள் அவள் கை அந்த மூடியை இறுக்கிப் பிடித்திருந்தது.