ஒன்றுக்கு நாலு தண்ணீர்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் பின்லாந்தின் இந்த இனாரி ஏரிக் குளிரில் என் நாக்கு விறைத்துப் போகட்டும்.

தைஸ்தோ மகா கஞ்சர். காரின் முன்கண்ணாடியைக் கழுவும், குளிரில் உறையாத மருந்தில் சரிபாதி தண்ணீர் கலக்கச் சொல்லி டப்பாவில் போட்டிருந்தது. அவரோ ஒன்றுக்கு நாலு கலந்தார். அதுவும் சௌனா என்கிற நீராவிக் குளியல் முடிந்து முங்குவதற்காக ஏரிப் பனியில் வெட்டிய குழியிலிருந்து மொண்ட தண்ணீர்.

மறுநாள், உறைந்த ஏரியில் ஓட்டை போட்டு மீன்பிடிக்கும் போட்டிக்குப் போகிற வழியில் முன்னே போன லாரி சேற்றுப்பனியை வாரியடித்தது. தைஸ்தோ கண்ணாடியில் தண்ணீரைப் பீய்ச்சினார். பட்ட இடத்திலேயே அது பாளமாக உறைந்து பாதையை மறைத்தது.

“யோவ், தலபாடா அடிச்சுக்கிட்டனே, கேட்டியா?” என்றாள் மனைவி ஹில்க்கா. “டப்பால எழுதுனவன் என்ன கேனையனா?”

“தண்ணி தண்ணிதானே.”

“இப்ப அது ஐஸு. இந்த வருசமும் எங்கண்ணனே ஜெயிச்சுட்டு உன்னப் பாத்துப் பல்லக் காட்டட்டும்.”

சுரண்டிப் பார்த்தார், சுரண்டிதான் உடைந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, மீன்பிடிக்க வைத்திருந்த பனித் துளைப்பானால் பாளத்தில் ஓட்டை போட்டார். போட்ட கை சும்மா இருக்குமா, பழக்கத்தில் தூண்டிலையும் விட்டது. முழங்கை நீளத்தில் ஒரு மீன் துள்ளிக்கொண்டு வந்தது.

“இதுலயாவது நாலு பங்கு தண்ணி ஊத்தாம சூப்பு வையி,” என்றாள் ஹில்க்கா.

அந்த ஓட்டை வழியே பார்த்துப் பார்த்து ஓட்டிப்போய், அந்த மீனைக் காட்டியே முதல் பரிசை வாங்கினார். மச்சான் அன்று பல்லைக் காட்டவேயில்லை.

தைஸ்தோவிடம் கார் ஏது, இருப்பது சைக்கிள்தான்.