பத்தாம் லயத்தின் முறை

சங்கத்துச் சாவியை வாங்கிப் போக மூன்று பேர் வந்தார்கள். வெறுங்கையோடு வரக்கூடாது என்று ஒரு ஹோர்லிக்ஸ் போத்தல். எனக்கு நோய் வந்த நாளிலிருந்து இந்த லயத்து வீட்டுக் காம்பராவுக்கு வந்த ஹோர்லிக்ஸை அடுக்கினால் ஒரு கடையே வைக்கலாம். அதன் வாடையே எனக்குக் குமட்டுகிறது என்று யாரிடம் சொல்வது?

எங்கள் தேயிலைத் தோட்டத்து மரண உதவிச் சங்கத்துக்குப் பதினேழு வருடமாக நான்தான் செயலாளர். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் என் கதவைத்தான் தட்டுவார்கள். சங்கத்துக் கொட்டிலைத் திறந்து கூடாரம், உட்காரக் கதிரை, தேத்தண்ணி போடும் பெரிய கேத்தல் எல்லாம் எடுத்துக் கொடுப்பேன். பிறகு முறை எழுதிய கொப்பியைப் பார்த்து, இந்தத் தடவை குழி வெட்டுவது எந்த லயத்து வரிசை வீடுகளின் முறை, எந்த இரண்டு பேர் என்று சொல்லி அனுப்புவேன். முறை வந்தவன் எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டு வரவேண்டும். இதுவரை ஒருவனும் மீறியதில்லை.

போன ஆவணியில் எனக்குக் குடலில் புற்றுநோய் என்றார்கள். வெட்டி எடுத்தார்கள். இப்போது கண்டி ஆஸ்பத்திரியில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றுகிறார்கள். எட்டுத் தடவையில் ஐந்து முடிந்தது. அந்த மருந்துக்குக் குளிர் ஆகாது. குளிர்ந்த தண்ணீரைத் தொட்டால் விரல் நுனியெல்லாம் ஊசி குத்தும். கந்தப்பளை மலைக்குளிரில் குடியிருப்பவனிடம் குளிர் படாமல் இரு என்று சொல்லி அனுப்புகிறார் டொக்டர். நல்ல மனிதர். இந்தப் பக்கம் வந்ததில்லை போலிருக்கிறது.

பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் வைத்தியர்கள். ஒருவர் சீனியை நிறுத்து என்பார், அடுத்தவர் குளுக்கோஸ் குடி என்பார். சீத்தா இலையை அவித்துக் குடித்து எழுந்து நடந்த ஒருவரை எல்லாருக்கும் தெரியும். எந்தத் தோட்டத்து ஆள் என்று கேட்டால் மட்டும் ஒருவருக்கும் தெரியாது. பதில் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்து, இப்போது எல்லாவற்றுக்கும் "சரி" என்றுவிடுகிறேன்.

உண்மையில் எனக்கு அலுத்துவிட்டது. வியாழக்கிழமை ஆறாவது தடவை. போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன், என் மனைவி மீனம்மாவிடம்கூடச் சொல்லாமல். முதல் நான்கு தடவையும் அவள் கூட வந்தாள். பிறகு மலையில் கொழுந்தெடுக்கும்போது தண்ணீர் ஓடும் கானில் வழுக்கி விழுந்து, காலில் கட்டு. ஐந்தாவது தடவை தனியாகப் போனேன். திரும்பும்போது கண்டி பஸ் ஸ்டாண்டில் தலைசுற்றி விழுந்து, நான் எடுத்த வாந்தியிலேயே கிடந்தேன். குடிகாரன் என்று சனம் ஒதுங்கிப் போனது. வாழ்நாளில் சாராயத்தைத் தொடாதவன் நான். ஒருவழியாக எழுந்து முகம் கழுவப் போனால் குழாய்த் தண்ணீர் கையைக் குத்தியது. அங்கேயே நின்று அழுதேன்.

வந்தவர்களில் மூத்தவர் சங்கத் தலைவர் மாயாண்டி. மற்ற இருவரும் பத்தாம் லயத்துக்காரர்கள். சுமன் ஆட்டோ ஓட்டுகிறான், விஜிதரன் மரக்கறித் தோட்டம் செய்கிறான்.

"ஒடம்பு எப்படி இருக்கு செல்லசாமி?" என்றார் மாயாண்டி.

"இருக்கு."

"ஒனக்கு ரெஸ்ட் வேணும்யா. சங்க வேலைய நாங்க பாத்துக்கிறோம். சாவியையும் கொப்பியையும் குடுத்துட்டு நிம்மதியா இரு."

"சாவி என்னா கல்லு மூட்டையா? அது பாட்டுக்கு ஆணியில தொங்குது."

மாயாண்டி தொண்டையைச் செருமினார். சுமனுக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

"அதுக்கில்ல மாமா. நாளைக்கு ஒங்களுக்கே ஒண்ணு ஆயிருச்சின்னா, அழுதுகிட்டு இருக்க அத்தைகிட்ட வந்து சாவி எங்கன்னு கேக்க முடியுமா?"

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. மாயாண்டி சுமனின் தொடையைக் கிள்ளினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை மாதத்தில் என்னிடம் மூடி மறைக்காமல் பேசியவன் இவன் ஒருவன்தான். சிரித்து முடிந்த பிறகுதான் கோபம் வந்தது.

சாவியை எடுத்து மாயாண்டியின் கையில் வைத்தேன். கொப்பியைக் கொடுக்கவில்லை, விரித்தேன்.

"போன மாசம் ஒம்பதாம் லயம் வெட்டியிருக்கு. அடுத்த முறை பத்தாம் லயம். சுமன், விஜிதரன். அப்ப என் குழிக்கு நீங்க ரெண்டு பேருந்தான்."

"என்னாங்க மாமா இப்படிப் பேசுறீங்க?" விஜிதரன் எழுந்தே விட்டான்.

"ஒக்காரு. அன்னைக்கு வேலையப் போட்டுட்டு வருவீங்களா, இல்லியா?"

"வருவோம்."

"மழை பேஞ்சா?"

"வருவோம் மாமா."

"அந்த நாளை இப்பவே குடுங்கய்யா. வியாழக்கிழமை என்னையக் கண்டிக்குக் கூட்டிட்டுப் போயி கூட்டிட்டு வாங்க. தனியாப் போக என்னால முடியல. செத்த பொறகு நீங்க எவ்வளவு ஆழமா வெட்டுனாலும் எனக்கா தெரியப்போகுது?"

மீனம்மா நொண்டியபடி அடுப்படி வாசலுக்கு வந்து என்னையே பார்த்தாள்.

"அப்ப போற எண்ணமே இல்லாமத்தான் இருந்தீங்களா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வந்தவர்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். கேட்டிருக்கக் கூடாது என்று இரண்டு நாள் என்னையே நொந்துகொண்டேன்.

வியாழக்கிழமை காலை லயத்து வாசலில் ஆட்டோ வந்து நின்றது. விஜிதரன் ஒரு ஜோடிக் கம்பளிக் கையுறையை நீட்டினான். நுவரெலியாவில் ஆட்டோவை விட்டுவிட்டு மூவரும் கண்டி பஸ் ஏறினோம்.

மருந்து ஏறி முடித்துத் திரும்பும் வழியில் றம்பொடை வளைவுகளில் எனக்கு மூன்று தடவை வாந்தி வந்தது. சுமன் முதுகைத் தடவினான். விஜிதரன் முகம் சுளிக்காமல் பையைப் பிடித்தான். பிறகு அவன் வெளியே பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டான்.

"மாமா, இப்ப எங்க முறை கழிஞ்சிருச்சுதானே? ஒங்களுக்கு நாங்க குழி வெட்ட வேணாம்ல?"

வேலைக்குக் கள்ளம் பண்ணுகிற ஆள் இல்லை அவன். திரும்பிப் பார்த்தேன். அவன் கண் கலங்கியிருந்தது.

"அதை நான் மட்டும் முடிவு பண்ண ஏலாது. சங்கக் கூட்டத்துல வச்சுப் பேசணும்."

"கூட்டம் எப்ப?"

"வருசப் பொறப்பு முடியட்டும்," என்றேன். "நானே கூட்டுறேன்."