மூன்று முறை மறுக்க வேண்டும்

பக்கத்து வீட்டு வென்டெல், பனி வாரும் மண்வெட்டியைக் காரின் மேல் சாய்த்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, கிட்னி தருகிறேன் என்றார்.

ஏதோ ஏணி இரவல் தருகிறேன் என்பதுபோல.

படியில் தூவுவதற்காக மஹ்வஷ் எடுத்துவந்த உப்பு டப்பா நழுவிப் பனியில் விழுந்தது.

"என்ன சொன்னீங்க?"

"என்கிட்ட ரெண்டு இருக்கு. ஒண்ணு போதும்னு டாக்டர்ங்களே சொல்றாங்க. உங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணு தேவைப்படுது. எனக்கு ஓ குரூப், யாருக்கும் ஒத்துப்போற ரத்தம். வீட்ல லோர்னாகிட்டயும் பேசிட்டேன். அவளுக்கும் சம்மதம்தான்."

மஹ்வஷின் கணவன் ஹூஷாங் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் நாற்காலியில் கிடந்து, காய்ந்த எலுமிச்சம்பழம்போலத் திரும்பி வருகிறவன். அவள் ரத்தம் அவனுக்குச் சேரவில்லை. அவன் அக்கா மெஹ்ரிக்குச் சர்க்கரை. பிள்ளைகள் இல்லை. காத்திருப்போர் பட்டியலோ டொரோண்டோவில் தொடங்கி வடதுருவத்தில் முடிகிறது. "அவ்வளவு காலம் இவர் இதயம் தாங்கும்னு என்னால சொல்ல முடியாது" என்று டாக்டர் சொன்னது போன மாதம்.

கடவுளே நேரில் வந்து மண்வெட்டியைச் சாய்த்துவைத்துப் பேசிக்கொண்டிருக்கிறார். மஹ்வஷ் வாயைத் திறந்தாள்.

"ஐயையோ, கூடவே கூடாது! எங்களுக்காக உங்க உடம்புல கத்தி படறதா? நீங்க நெனச்சதே போதும். நீங்க நல்லா இருங்க!"

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள்.

ஈரானின் இஸ்ஃபஹானில் பிறந்த எவருக்கும் அடுத்து வரவேண்டியது என்னவென்று தெரியும். கொடுப்பவர் வற்புறுத்த வேண்டும். வாங்குபவர் இன்னும் பலமாக மறுக்க வேண்டும். கொடுப்பவர் சத்தியம் செய்ய வேண்டும், கோபித்துக்கொள்ள வேண்டும், "உன் தலைமேல் ஆணை" என்று கையைப் பிடிக்க வேண்டும். மூன்று முறை மறுத்த பிறகு, கண் கலங்க, தலை குனிந்து வாங்கிக்கொள்ள வேண்டும். தாரோஃப் என்று அதற்குப் பெயர். முதல் கேள்விக்கே 'சரி' என்று பாய்கிறவன் பட்டினி கிடந்த நாய்.

கனடாவில் பத்தொன்பது வருடம் ஓடிவிட்டது. யாராவது காபி வேண்டுமா என்று கேட்டால் உடனே "குடுங்க" என்று சொல்லப் பழகியிருந்தாள். காபிக்குச் சரி. ஓர் உறுப்பைத் தருகிறேன் என்பவரிடம் உடனே கை நீட்டுவதா? பெரிய கொடைக்கு முன்னால் நாக்கு பிறந்த ஊருக்கே ஓடிவிட்டது.

"நிச்சயமாவா?" என்றார் வென்டெல்.

"நிச்சயமா. அந்தப் பேச்சே வேணாம்."

"சரி. புரியுது." அவர் முகத்தில் ஏதோ சுருங்கியது. "கேட்டது தப்பா இருந்தா மன்னிச்சுடுங்க."

மண்வெட்டியை எடுத்துக்கொண்டார். தன் வீட்டு வாசல் பனியை அள்ளத் தொடங்கினார்.

மஹ்வஷ் விரல் மரத்துப்போகும்வரை நின்றாள். அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

சமையலறையில் மெஹ்ரி வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கத்தி நின்றது.

"நீ என்னடி சொன்ன?"

"வேணாம்னேன்."

"நல்லவேளை! எங்க உடனே தலையாட்டிட்டியோன்னு பயந்துட்டேன். நாளைக்கு மறுபடி வருவான் பாரு. பொண்டாட்டியையும் கூட்டிட்டு முறையா வருவான்."

"வராம போயிட்டா அக்கா?"

"வராமப் போனா, முதல்ல கேட்டதும் சும்மா வாய்வார்த்தைன்னு அர்த்தம். அப்படிப்பட்டவன் கிட்னி நமக்கு எதுக்கு?"

நாளை வந்தது. வென்டெல் வரவில்லை. மறுநாள் குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு வந்தவர் கையை ஆட்டினார். "குளிர் இன்னும் ஏறுமாம்!" அதற்கடுத்த வாரம், "இன்னிக்கு வெயில் பரவாயில்ல!" வானிலை அறிக்கை ஒழுங்காக வந்தது. கிட்னி வரவில்லை. மஹ்வஷ் வேண்டுமென்றே வேலியோரம் நின்று பார்த்தாள், பெருமூச்சு விட்டுப் பார்த்தாள், ஹூஷாங் ராத்திரி தூங்கவில்லை என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள்.

"அடடா" என்று மனதார வருத்தப்பட்டார் வென்டெல். அவ்வளவுதான்.

பிப்ரவரியில் ஒரு மாலை, ஹூஷாங் சோபாவிலிருந்து எழுந்தான், "மஹ்வஷ், கொஞ்சம் தண்ணி..." என்றான், அப்படியே சரிந்தான். ஆம்புலன்ஸ். நுரையீரலில் நீர். இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அவன் முகத்தைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எல்லாம் இருந்தது.

மஹ்வஷ் அன்றைக்கே வென்டெல் வீட்டு மணியை அடித்தாள். கையில் எதுவும் எடுத்துப் போகவில்லை. வெறுங்கையோடு ஒரு வீட்டுப் படி ஏறியது அவள் ஆயுளில் அதுவே முதல் தடவை.

"நீங்க அன்னிக்குச் சொன்னீங்களே..." அதற்குமேல் வரவில்லை. அழுகை வந்தது.

வென்டெல் திகைத்துப்போனார். "நீங்கதானே அந்தப் பேச்சே வேணாம்னீங்க?"

"அது... மரியாதைக்குச் சொன்னது."

"மரியாதைக்கா?"

உள்ளேயிருந்து லோர்னா வந்தாள். "மனுஷன் அன்னிக்குச் சாப்பிடவே இல்ல, தெரியுமா? ஏதோ மதம் கிதம்னு இருக்கும், கேட்டு மனச நோகடிச்சிட்டேன்னு புலம்பல். மறுபடி போய்க் கேளுன்னேன். 'ஒருத்தர் வேணாம்னு சொன்னப்புறம் கேட்டா அது தொல்லை, லோர்னா'ன்னுட்டார்."

"இப்ப... இப்ப சொல்றேன். வேணும். தயவுபண்ணிக் குடுங்க."

"அட, இதைச் சொல்ல எதுக்கு அழறீங்க?" வென்டெல் சிரித்தார். "நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போன் போடறேன்."

போட்டார். ரத்தம், சிறுநீர், ஸ்கேன் என்று வரிசையாகச் சோதனைகள். எல்லாம் பொருந்தியது. பனி உருகத் தொடங்கியிருந்தது. மே மாதத்தில் அறுவை சிகிச்சை என்றார்கள். ஹூஷாங் கண்ணாடி முன்னால் நின்று மீசையைத் திருத்திக்கொண்டான். இரண்டு வருடமாக அவன் செய்யாத காரியம்.

"அவருக்கு நாம என்ன செய்யப்போறோம்?" என்று கேட்டாள் மெஹ்ரி. "குங்குமப்பூச் சோறும் பிஸ்தா மிட்டாயும் அனுப்பிட்டா ஆச்சா? உசுரைத் தர்றவன்டி! நாளைக்கு நம்ம ஜனம் காறித் துப்பாது?"

மஹ்வஷும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். நெஞ்சில் பாறாங்கல் வைத்ததுபோன்ற கடன் உணர்ச்சி. கூடத்தில் விரித்திருந்த பட்டுக் கம்பளத்தைப் பார்த்தாள். அவள் கல்யாணச் சீர். இஸ்ஃபஹான் நீலம். நாடு விட்டு வரும்போது துணிமணிகளை விட்டுவிட்டு அதைக் கொண்டுவந்திருந்தாள்.

அன்று மாலை அதைச் சுருட்டி, நாத்தனாரும் அவளுமாகத் தூக்கிப்போய் வென்டெல் வீட்டு நடையில் இறக்கினார்கள்.

"என்ன இது?"

"உங்களுக்குத்தான். உங்க காலுக்குக்கூடத் தகுதியில்லாத சின்னப் பொருள்."

லோர்னா ஒரு மூலையைப் பிரித்துப் பார்த்து மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"இல்ல, இல்ல" என்றார் வென்டெல். "இது ரொம்பப் பெருசு. வேணாம்."

மஹ்வஷுக்கு உடம்பெல்லாம் இனித்தது. மறுக்கிறார்! ஒன்று.

"நீங்க வாங்கிக்காட்டி எங்க மனசு உடைஞ்சுபோயிடும்."

"உங்க மனசு எனக்குப் புரியுது. ஆனா நிஜமாவே வேணாம், மஹ்வஷ்."

இரண்டு. மனுஷன் கற்றுக்கொண்டுவிட்டார்!

"என் புருஷன் தலைமேல ஆணை. இதைத் திரும்ப என் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகமாட்டேன்."

"என்னை ரொம்பச் சங்கடத்துல மாட்டிவிடறீங்க..." கழுத்துவரை சிவந்து, லோர்னாவைப் பார்த்தார்.

மூன்று. மஹ்வஷ் கண் கலங்கக் கம்பளத்தை அவர் காலடியில் தள்ளிவிட்டு, நாத்தனாரை இழுத்துக்கொண்டு ஓடியே வந்துவிட்டாள். இருவரும் வாசலில் நின்று சின்னப் பெண்களைப்போலச் சிரித்தார்கள்.

"பாத்தியா, நம்ம ஆளா ஆயிட்டான்!" என்றாள் மெஹ்ரி.

ஏப்ரல் கடைசியில் வென்டெலுக்கு ஆஸ்பத்திரியில் கடைசி நேர்காணல். அவர் போன அன்று மதியம் ஹூஷாங் உள்ளறையில் படுத்திருந்தான். மஹ்வஷ் தேநீருக்குத் தண்ணீர் வைத்திருந்தாள். மணி அடித்தது.

வாசலில் வென்டெல். பின்னால், அவருடைய பிக்கப் லாரியில், பிளாஸ்டிக் உறை போட்ட நீளமான சுருள்.

"மஹ்வஷ், ஒரு கெட்ட சேதி."

அவள் கதவுப்பிடியைப் பற்றிக்கொண்டாள்.

"தனியா கூப்பிட்டு உக்கார வெச்சுக் கேட்டாங்க. யாராவது வற்புறுத்தறாங்களான்னு கேட்டாங்க, இல்லைன்னேன். பதிலுக்கு ஏதாவது பொருள் வாங்கினீங்களான்னு கேட்டாங்க. கம்பளத்தைப் பத்திச் சொன்னேன்."

"அது பரிசு!"

"நானும் அதைத்தான் சொன்னேன். என்ன விலை பெறும்னு கேட்டாங்க. வீட்டு இன்ஷூரன்ஸ்ல சேக்கறதுக்காக ஒருத்தரைக் கூப்பிட்டு மதிப்புப் போட்டிருந்தேன். இந்த லாரியை விட ஜாஸ்தி. சொன்னதும் கேள்வி கேட்ட அந்தம்மா பேனாவைக் கீழ வெச்சுட்டாங்க. உறுப்புக்குப் பதிலாப் பொருள் கைமாறினா சட்டப்படி குத்தமாம். இனிமே என்னை எடுத்துக்க மாட்டாங்க."

"திருப்பிக் குடுத்துட்டா? இதோ, இப்பவே வாங்கிக்கறேன்."

"கெஞ்சிப் பாத்துட்டேன். வாங்கினது வாங்கினதுதான்னுட்டாங்க."

"அப்ப அன்னிக்கே திருப்பிக் குடுத்திருக்கலாமே!" அவள் குரல் கீறியது. "மறுநாள் கொண்டுவந்து போட்டிருக்கலாமே!"

"எப்படிப் போடறது? அழுதுகிட்டே குடுத்தீங்க. உங்க ஊர் வழக்கத்துல அது எவ்வளவு பெரிய அவமானம்னு லோர்னா எங்கயோ படிச்சிருக்கா. சரி, அவங்க முறைப்படியே நடந்துக்குவோம்னு வெச்சுக்கிட்டேன்."

"உடம்பு பொருந்தலன்னு உங்ககிட்டச் சொல்லிடலாம், நாங்களும் அப்படித்தான் சொல்வோம்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. எனக்கு மனசு வரல. உங்ககிட்டப் பொய் சொல்றது மரியாதையில்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்னால வேற ஏதாவது முடியும்னா தயங்காம கேளுங்க."

வெளியே சாரல். அவர் நரைமுடி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. சமையலறையில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. நனைந்த மனிதன் வாசலில் நின்றால், அவன் கொலைகாரனாகவே இருந்தாலும், உள்ளே வாருங்கள், தேநீர் குடியுங்கள் என்று சொல்லத்தான் அவள் வாய் படைக்கப்பட்டிருந்தது. அந்த வார்த்தைகள் நாக்கு நுனியில் வந்து நின்றன. மஹ்வஷ் பல்லைக் கடித்தாள். பிறந்ததிலிருந்து எவருக்கும் செய்யாததைச் செய்தாள். ஒரு வார்த்தை பேசாமல், அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள்.

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அடிபட்டவராய்க் குறுகிப் போவார் என்று எதிர்பார்த்தாள். வென்டெல் ஒரு கணம் நின்று, பாவம், தனியாக அழவேண்டும்போல என்று நினைத்தவராய்த் தலையசைத்தார். கம்பளத்தை லாரியிலிருந்து பத்திரமாக இறக்கி, நனையாதபடி அவர்கள் கராஜுக்குள் நிறுத்தி, பிளாஸ்டிக்கை இழுத்துச் சரிசெய்தார். ஜன்னலில் அவள் முகத்தைக் கண்டதும் கனிவாகக் கையை ஆட்டினார். அவர் ஊரில் எல்லோரும் வாசலில் நின்றுதான் பேசிப் பிரிவார்கள். அவளுக்குத் தெரிந்த மிகக் கொடிய அவமதிப்பு அவர்மேல் படக்கூட இல்லை.

"யாரு வந்தது?" உள்ளறையிலிருந்து ஹூஷாங் கேட்டான்.

"வென்டெல்."

"உள்ள கூப்பிடலையா?"

அவள் போய் அடுப்பை அணைத்தாள்.

"மழையில நிக்கவெச்சா அனுப்பின? அந்த மனுஷனையா?" ஹூஷாங் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். வீங்கிய கால்கள் செருப்பில் நுழையவில்லை. "உனக்கு என்ன பைத்தியமா? நம்மளைப் பத்தி என்ன நெனப்பாரு!"

"ஹூஷாங், இரு. நான் சொல்றதைக்..."

"தள்ளு. முதல்ல மன்னிப்புக் கேட்டுக் கூட்டிட்டு வரேன். அப்புறம் உன்கிட்டப் பேசறேன்."

அவனைத் தடுக்க அவளிடம் தெம்பு இல்லை. கதவைத் திறந்துகொண்டு, வெறுங்காலோடு, மூச்சு வாங்க, ஈரப் புல்லில் நடந்துபோனான். வென்டெல் பதறி எதிரே ஓடிவந்தார். ஹூஷாங் வலது கையை நெஞ்சில் வைத்து, முதுகு வளைய வணங்கி, வீட்டைச் சுட்டிக் காட்டி ஏதோ சொன்னான். மறுபடியும் வணங்கினான்.

வென்டெல் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு பேசத் தொடங்கினார்.

ஜன்னலுக்கு இந்தப் பக்கம் எதுவும் கேட்கவில்லை. மஹ்வஷ் அவன் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். நெஞ்சின்மேல் விரித்து வைத்திருந்த கை, கொஞ்சம் கொஞ்சமாக நழுவி, கீழே தொங்கியது.