முதல் இரண்டு ‘வேண்டாம்’

மனித குலத்துக்கு இன்னும் பதினைந்து வருடங்களில் தாதியரே தேவைப்படமாட்டார்கள் என்று கிருஷிகன் ஜூலை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், ஒஸ்லோவில் ஸ்டோவ்னர் சென்ரர் என்ற கடைத்தொகுதியின் கோப்பிக்கடையில், கறுவாப் பணிஸ் ஒன்றைக் கடித்தபடி அறிவித்தான். கேட்டுக்கொண்டிருந்தவன் அவனுடைய நண்பன் றொபின் ஒருவன்தான். ஆனாலும் கிருஷிகன் உலகத் தலைவர்கள் மாநாட்டில் பேசுகிறவனைப்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

“ஊசி மெஷின் போடும். குளிசை மெஷின் குடுக்கும். ஆறுதல்கூட மெஷின் சொல்லும், அதுவும் பன்னிரண்டு பாஷையிலை. நீ படிச்சு முடிச்சு வெளியிலை வரேக்கை உன்னை மியூசியத்திலைதான் வைப்பினம்.”

“மியூசியத்திலை வேலை நேரம் நல்லம்,” என்றான் றொபின்.

றொபினின் பிரச்சினை இரண்டு கடிதங்கள். முதலாவது பேர்கன் நகரத்திலிருந்து வந்தது. கடலுக்கு அடியில் குழாய் பதிக்கும் ஒரு கம்பனி, பொறியியல் பட்டதாரியான அவனை ஓகஸ்ட் மாதமே வேலைக்கு வரச்சொல்லியிருந்தது. இரண்டாவது ஒஸ்லோவில் ஒரு கல்லூரியிலிருந்து. ஏற்கெனவே ஏதாவது பட்டம் வைத்திருப்பவர்களுக்கு மூன்று வருடத் தாதிமைப் படிப்பை இரண்டு வருடத்துக்குள் திணித்துக் கொடுக்கும் வகுப்பில் அவனுக்கு இடம் கிடைத்திருந்தது. கோடை விடுமுறை கிடையாது, ஈஸ்டர் கிடையாது. இரண்டு கடிதங்களும் தங்களுக்குள் பேசிவைத்ததுபோலத் திங்கட்கிழமை நண்பகலுக்குள் பதில் கேட்டன.

பேர்கன் கடிதத்தைப் பற்றி றொபினின் அப்பா ஸ்ரனிஸ்லாஸ் பூசை முடிந்த கையோடு கோயில் வாசலில் வைத்து எல்லாருக்கும் சொல்லிவிட்டார். மற்றக் கடிதம் வந்ததே அவருக்குத் தெரியாது. ஆகவே றொபின் ஆலோசனை கேட்க ஆள் தேடினான். தேடிப் பிடித்த ஆள் கிருஷிகன். றொபின் வாழ்நாளில் செய்த மிகப் பெரிய தவறு அதுதான்.

கிருஷிகன் ஊடகக் கல்வியில் பட்டம் பெற்றவன். அந்தப் பட்டத்தை வைத்து இதுவரை அவன் செய்தது, மாணவர் பத்திரிகையில் மாதம் ஒரு பத்தி எழுதி, உலகத்தில் ஏதாவது ஒரு துறையை அவமானப்படுத்தியது. கட்டடக்கலை, சட்டம், இறையியல் எல்லாம் முடிந்துவிட்டன. இந்த மாதம் தாதிமையின் முறை. ‘இரண்டு நிமிடத்தில் நூடில்ஸ், இரண்டு வருடத்தில் நர்ஸ்’ என்று தலைப்புக்கூட வைத்தாகிவிட்டது.

இத்தனைக்கும் இருவரும் அந்தக் கோடையில் ஒரே முதியோர் இல்லத்தில்தான் வேலை செய்தார்கள். ஜூலை வந்தால் நோர்வேக்காரர் மலையிலும் கடற்கரையிலும் இருக்கிற தங்கள் மரவீடுகளுக்குப் போய்விடுவார்கள். நாட்டிலுள்ள முதியவர்கள் முழுப்பேரும் மாணவர்கள் கையில் ஒப்படைக்கப்படுவார்கள். றொபின் அங்கே மூன்று வருடமாக வந்து போகிறவன். கிருஷிகனை மே மாதம் அவன்தான் சேர்த்துவிட்டான். கிருஷிகனின் வேலை காலைச் சாப்பாடு கொடுப்பது, கோப்பை கழுவுவது, யாரும் பார்க்காதபோது போனில் குறிப்பெடுப்பது.

அந்த இல்லத்தின் பதினான்காம் அறையில் சச்சிதானந்தன் ஐயா இருந்தார். எழுபத்தொன்பது வயது. ஒஸ்லோ ஹோட்டல் ஒன்றின் சமையலறையில் முப்பது வருடம் நின்றவர். இப்போது ஞாபகம் விட்டுவிட்டுத்தான் வரும். தான் இருப்பது தன் இடம் என்பதை மட்டும் அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. யாரோ நல்ல மனிதர்கள் வீட்டுக்கு வந்திருக்கிறோம், சற்று நேரத்தில் விடைபெற்றுப் போகவேண்டும் என்றே நினைத்திருந்தார். அதனால் தினமும் மடிப்புக் கலையாத சேர்ட் போட்டு, பையில் பேனை குத்தி, கதிரை நுனியில் உட்கார்ந்திருப்பார்.

வந்த வீட்டில் முதல் தடவை கேட்டதும் சாப்பிட உட்காருகிற யாழ்ப்பாணத்து மனிதர் உண்டோ? காலையில் தட்டைக் கொண்டுபோனால் ஐயா நெஞ்சில் கைவைத்து, புன்னகையோடு, சுத்தமான நோர்வேஜியத்தில் “நை தக்” என்பார். வேண்டாம், நன்றி. நோர்வேயில் ஒரு மனிதன் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இரண்டாம் தடவை கேட்பது அநாகரிகம். அவர்களும் புன்னகைத்து, தட்டை எடுத்துக்கொண்டுபோய், ‘உணவை மறுத்தார்’ என்று பதிந்துவிடுவார்கள். இரண்டு நாட்டு மரியாதையும் கூட்டுச்சேர்ந்து ஒரு மனிதரைப் பட்டினி போட்டுக்கொண்டிருந்தன. இரண்டு மாதத்தில் ஐயா ஐந்து கிலோ இறங்கியிருந்தார். பேர்கனிலிருந்து மாதம் ஒருமுறை வரும் மகள் கேள்வி எதுவும் கேட்காமல் புட்டை முன்னால் வைப்பாள், அவர் சாப்பிடுவார். நோர்வேச் சாப்பாடு அவருக்குப் பிடிக்கவில்லைப்போலும் என்று அதற்கும் ஒரு விளக்கம் எழுதப்பட்டது. கடைசியில், வயிற்றில் ஏதாவது இருக்கலாம், புதன்கிழமை ஆஸ்பத்திரிக்கு அனுப்பித் தொண்டைக்குள்ளால் குழாய் விட்டுப் பார்ப்போம் என்று முடிவாயிற்று.

சங்கதியைக் கண்டுபிடித்தவன் றொபின். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையும் கிருஷிகன் கதவோரத்தில் நின்று பார்த்தான், பத்திக்காக.

“ஐயா, கஞ்சி கொஞ்சம் எடுப்பமோ?”

“சீச்சீ, வேண்டாம் தம்பி. இப்பத்தான் வீட்டிலை சாப்பிட்டிட்டு வந்தனான்.”

றொபின் வற்புறுத்தவில்லை. போய் யன்னல் சீலையை விலக்கினான். “நல்ல வெயில் ஐயா இண்டைக்கு. கஞ்சியும் சுடச்சுட இருக்கு.”

“உங்களுக்கேன் வீண் கரைச்சல்.”

றொபின் தட்டோடு கதவுவரைக்கும் வந்தான். கிருஷிகனைப் பார்த்துக் கண்ணடித்தான். திரும்பிப் போனான். “காய்ச்சியாச்சு ஐயா. நீங்கள் சாப்பிடாட்டிக் கொட்டத்தான் வேணும்.”

ஐயா நீண்ட பெருமூச்சு ஒன்றை விட்டார். “அப்ப ஒரு சொட்டு வையும்.”

ஒரு சொட்டு என்பது இரண்டு கோப்பையாயிற்று. நடுவில் மண்ணிறச் சீஸ் வைத்த பாண் துண்டு ஒன்றும் போயிற்று.

“இது நர்ஸ் வேலை இல்லை மச்சான்,” என்றான் கிருஷிகன் வெளியே வந்ததும். “கலியாணவீட்டிலை பந்தி விசாரிக்கிற வேலை. எங்கடை அம்மாமார் விருந்தாளியைக் கேட்டுக் கேட்டுக் கொல்லுறதைப் போய் இரண்டு வருஷம் படிக்கப்போறாய்.”

“மாரித்திட்டை சொன்னனான்,” என்றான் றொபின், பகிடி காதில் விழாதவன்போல. மாரித் என்பவள் அந்தத் தளத்துக்குப் பொறுப்பான தாதி. “நல்ல அவதானம் எண்டவ. பராமரிப்புத் திட்டத்திலை எழுதுறன் எண்டவ. அதுக்குள்ளை போன் அடிச்சிட்டுது. மூண்டு கிழமையாச்சு.”

“நீயே எழுதன்.”

“நான் உதவியாள். திட்டம் நர்ஸ்தான் எழுதவேணும்.”

வேலை முடிந்து பஸ்ஸுக்கு நடக்கும்போது றொபின் சொன்னான். “பேர்கனுக்கே ஓம் எண்டு எழுதப்போறன்.”

“என்ன?”

“அப்பா கோயிலிலை சொல்லிப்போட்டார். இனி மாத்தினால் அவர் எந்த முகத்தோடை பூசைக்குப் போறது? ஆம்பிளைப் பிள்ளை நர்ஸோ எண்டு வேறை கேப்பினம். பேந்து, நீ சொல்றதும் சரிதானே. யோசிச்சுப் பாத்தனான்.”

கிருஷிகனின் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு மனிதன் அவனுடைய பேச்சைக் கேட்டு நடக்கப்போகிறான். மகிழ்ச்சியாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை.

“அப்ப படிப்பு வேண்டாமோ?” என்று பஸ்ஸில் கேட்டான்.

“வேண்டாம்.”

ஸ்டோவ்னரில் இறங்கியபோது ஒருதரம் பகிடியில்லாமல் கேட்டுப்பார்த்தான். “இல்லையடா, உண்மையாத்தான் கேக்கிறன்.”

“வேண்டாம் எண்டனான். உனக்கேன் வீண் கரைச்சல்?” என்றுவிட்டு றொபின் நடந்தான். இந்த வசனத்தை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று கிருஷிகன் இரவுச் சாப்பாடு வரைக்கும் யோசித்தான்.

திங்கட்கிழமை றொபினுக்கு ஓய்வு. கிருஷிகன் தனியே நின்றான். திங்கள் காலையில் எல்லாரையும் நிறுத்துப் பார்ப்பது அங்கே வழமை. பதினான்காம் அறையின் நிறையைப் பதியத் திரையைத் திறந்தபோது கடந்த எட்டு வாரக் கோடு முழுவதும் முன்னால் வந்தது. கோடு இறங்கியது, கொஞ்சம் ஏறியது, இறங்கியது, ஏறியது. பக்கத்துச் சுவரில் வேலை அட்டவணை தொங்கியது. றொபின் வேலைக்கு வந்த வாரங்களில் ஏற்றம். வராத வாரங்களில் இறக்கம். ஊடகக் கல்வி படித்தவனுக்குக்கூட விளங்குகிற வரைபடம் அது. ஒரு பெடியன் ஆரவாரமில்லாமல் ஒரு மனிதரை அரைக் கிலோ அரைக் கிலோவாக உலகத்தில் பிடித்துவைத்திருந்தான். பேர்கனில் அவன் குழாய் பதிப்பான். இந்தக் கோடு ஒரே பக்கமாக இறங்கும்.

கிருஷிகன் கஞ்சியை எடுத்துக்கொண்டு போனான்.

“ஐயா, கஞ்சி?”

“வேண்டாம் தம்பி, வேண்டாம்.”

மற்ற நாளென்றால் இந்த இடத்தில் தட்டு திரும்பியிருக்கும். கிருஷிகன் யன்னல் சீலையை விலக்கப் போனான். அது ஏற்கெனவே விலகியிருந்தது. ஆகவே அதை மூடிவிட்டுத் திரும்பவும் விலக்கினான். “மழை வரும்போலை கிடக்கு ஐயா,” என்றான், வெயிலைப் பார்த்துக்கொண்டு. “கஞ்சி சூடாத்தான் இருக்கு.”

“இல்லை இல்லை. நான் வெளிக்கிடப்போறன்.”

கதவுவரைக்கும் போனான். கண்ணடிக்க அங்கே யாருமில்லை. திரும்பி வந்தான். றொபின் சொன்ன வசனம் நினைவுக்கு வரவில்லை. “ஐயா, உங்களுக்கெண்டுதான் கொண்டந்தனான். நீங்கள் தொடாமல் போனால் எனக்கு ஒருமாதிரி இருக்கும்.” சொன்ன பிறகுதான் அது உண்மை என்று தெரிந்தது.

ஐயா அவனை ஏற இறங்கப் பார்த்தார். “அப்ப ஒரு சொட்டு வையும்.”

கோப்பை காலியாகும்போது பதினொன்று நாற்பது. றொபினின் கெடு முடிய இருபது நிமிடம். கிருஷிகன் நடைபாதைக்கு வந்து போனை எடுத்தான்.

“அனுப்பிட்டியோ?”

“எழுதி வைச்சிருக்கிறன்,” என்றான் றொபின். “இன்னும் அனுப்பேல்லை.”

“நர்ஸாகினால் திட்டத்தை நீயே எழுதலாம்.”

“தெரியும்.”

“மியூசியக் கதை சும்மா சொன்னது. எந்த மெஷினுக்கடா மூண்டாந்தரம் கேக்கத் தெரியும்? படிக்கப் போறியோ?”

கிருஷிகன் காத்திருந்தான். வாயைத் திறந்தால் பகிடி வந்துவிடும் என்ற பயத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான்.

“அப்பாவுக்கு ஆர் சொல்லுறது?”

“நானும் வாறன். நான் ஏதும் விசர்க்கதை கதைச்சு ஏச்சு வாங்கிறன். நடுவிலை நீ சொல்லிப்போடு.”

“சரி,” என்றான் றொபின் மெதுவாக. “ஒரு வருஷமெண்டாலும் படிச்சுப் பாப்பம்.”

அன்று பின்னேரம் கிருஷிகன் மாரித்தின் அறைக்குப் போனான். முதல் தடவை அவள் போனில் இருந்தாள். இரண்டாம் தடவை மருந்து எண்ணிக்கொண்டிருந்தாள். மூன்றாம் தடவை நிறைக்கோட்டையும் அட்டவணையையும் மேசையில் பக்கம்பக்கமாக வைத்தான். மாரித் வெகுநேரம் பார்த்தாள். பிறகு, “றொபின் இதை எனக்கு மூன்று வாரத்துக்கு முன்னமே சொல்லியிருக்கிறான்,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுதினாள்: ‘மூன்று முறை கேட்கவும். முதல் இரண்டு மறுப்பும் மரியாதைக்கு.’ எழுதி முடித்துக் கையெழுத்திட்டு, மருத்துவருக்குப் போன் எடுத்தாள். புதன்கிழமைக் குழாய் ஒத்திவைக்கப்பட்டது. நான்கு வாரத்தில் ஐயா இரண்டு கிலோ ஏறினார். குழாய்க்குத் தேவையே வரவில்லை.

ஸ்ரனிஸ்லாஸ் இரண்டு கிழமை மகனோடு கதைக்கவில்லை. மூன்றாம் கிழமை கோயில் வாசலில், மகன் மருத்துவத்தின் பக்கமாக ஏதோ மேற்படிப்புப் படிக்கிறான், சரியான கஷ்டமாம், கெட்டிக்காரருக்கு மட்டும்தான் இடமாம் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்ததைப் பலர் கேட்டார்கள்.

கஷ்டமாகத்தான் இருந்தது. கார்த்திகையில் றொபின் தெ-பானா என்ற சுரங்க ரயிலில் உடற்கூற்றுப் புத்தகத்தைக் கட்டிப்பிடித்துத் தூங்கி, கடைசித் தரிப்பிடத்தில் ஓட்டுநர் எழுப்பி எழும்பினான். தை மாதத்தில் முதன்முறையாக ஒருவர் இறக்கும்போது பக்கத்தில் இருந்தான். அடுத்தநாள் வகுப்புக்கு நேரத்துக்குப் போனான். கிருஷிகன் இதையெல்லாம் பார்த்தான். பத்திக்காகப் பார்க்கிறேன் என்று இந்தத் தடவை யாருக்கும் சொல்லவில்லை. ‘இரண்டு நிமிடத்தில் நூடில்ஸ்’ என்ன ஆயிற்று என்று பத்திரிகை ஆசிரியர் கேட்டபோது, இன்னும் தரவு சேர்க்கிறேன் என்றான். கோடை முடிந்தும் வார இறுதிகளில் அந்த இல்லத்துக்குப் போய்க்கொண்டிருந்தான், அதுவும் தரவுக்குத்தான்.

ஏப்ரல் பதினைந்து விண்ணப்பங்களுக்குக் கடைசி நாள். கிருஷிகன் இல்லத்தின் ஊழியர் அறையில், கறுவாப் பணிஸ் ஒன்றைக் கடித்தபடி, மடிக்கணினியைத் திறந்தான். அறையில் வேறு யாருமில்லை. தாதிமை, இரண்டு வருடம், பட்டதாரிகளுக்கு. திரை, விண்ணப்பத்தை அனுப்பட்டுமா என்று கேட்டது. பக்கத்தை மூடினான். கோப்பை கழுவினான். திரும்ப வந்து திறந்தான். திரை திரும்பவும் கேட்டது. மூடினான். யன்னல் சீலையை விலக்கி வெளியே பார்த்தான்.

பிறகு மூன்றாவது தடவை திறந்தான். விரலில் ஒட்டியிருந்த சீனியை நக்கிவிட்டு ஓம் என்ற இடத்தில் அழுத்தினான். பதினான்காம் அறைக் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. எடுத்துக்கொண்டு போனான்.