தெற்குக் கண்ணாடி

செங்கல் லாரி வந்து நின்றபோது நான் வீட்டுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். செடிக்கு இல்லை, மரத்துக்கு இல்லை, வீட்டுக்குத்தான். அரிசி களைந்த தண்ணீர், துணி அலசிய தண்ணீர் எதையும் வீணாக்காமல் குடத்தில் பிடித்து வைத்து, தென்கிழக்கு மூலையில் கரிசல் வாய் பிளந்து கிடக்கும் இடத்தில் ஊற்றுவேன். ஆடி பிறந்ததிலிருந்து இதே வேலைதான். எவ்வளவு ஊற்றினாலும் அந்த வெடிப்பு குடித்துக்கொண்டே இருக்கும். லாரி டிரைவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்னக்கா, வீடு வளரணும்னு ஊத்துதீயளோ?" என்று கேட்டான். "ஆமா, அடுத்த நடை வாரப்ப மாடி முளைச்சிருக்கும், வந்து பாரு" என்றேன். சிரித்துக்கொண்டே கல்லை இறக்கினான். அது எதற்கான கல் என்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். குடத்தில் மிச்சம் இருந்ததையும் வெடிப்பில் கவிழ்த்தேன்.

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற சாலையில், ஊர் முடிந்து கண்மாய் தொடங்குகிற இடத்தில் எங்கள் வீடு. கண்ணாடி வீடு என்றால் எந்தக் கண்டக்டரும் சரியாக இறக்கிவிடுவார். மாமனார் கொழும்பில் கடை வைத்திருந்த காலத்தில் கடலோரத்தில் இப்படி ஒன்றைப் பார்த்து மயங்கி, ஊருக்கு வந்து தீப்பெட்டி ஆபீஸ் போட்டுக் கையில் காசு புரண்டதும் அறுபதுகளில் கட்டியது. ஓடு கிடையாது, முற்றம் கிடையாது. தட்டையான கான்கிரீட் கூரை சுவரைத் தாண்டி வெகுதூரம் நீண்டு மெல்லிய இரும்புக் கம்பங்களின்மேல் நிற்கும். மேற்கே காற்று வர ஓட்டை ஓட்டையாகக் கல் அடுக்கிய ஒரு சுவர், அந்தப் பக்கம்தான் தலைவாசல். தெற்கே சுவரே இல்லை. தரையிலிருந்து கூரை வரை இரும்புச் சட்டத்தில் கண்ணாடி. தண்டவாளத்தில் உருளும் பெரிய கண்ணாடிக் கதவுகள். அதற்கு வெளியே சிமெண்டுப் படி, படிக்குக் கீழே கண்மாய்.

கடம்பூரில் ஜன்னலே இல்லாத வீட்டில் வளர்ந்தவள் நான். கல்யாணமாகி வந்த அன்று கூடத்துக்குள் காலை வைத்ததும் எதிரே கண்மாய் முழுக்கத் தண்ணீர். கதவுகளை ஒதுக்கித் தள்ளியிருந்தார்கள். வீடு எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்றே எனக்குத் தெரியவில்லை. மாலையும் கழுத்துமாக வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். "ஏட்டி வெயிலு, எல்லாரும் பாக்காவ" என்று பக்கத்தில் மாலையோடு நின்ற இவர் என் பேரைச் சொல்லிக் கையைக் கிள்ளினார். அன்றைக்கே அந்தக் கூடம் என்னுடையதாகிவிட்டது. இன்றுவரை நான் வாய்விட்டு யாரிடமும் கேட்டது நகை இல்லை, புடவை இல்லை. அந்தக் கண்ணாடியை விட்டுவையுங்கள் என்பது ஒன்றைத்தான்.

அந்த வீட்டில் இருந்து பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். சித்திரையில் உச்சி வெயில் ஊரையே பொரித்தெடுக்கும்போது தெற்குக் கூடத்தில் ஒரு பொட்டு வெயில் விழாது; நீண்ட கூரை நிழலைப் பிடித்து வைத்திருக்கும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்ததும் அதே கூரைக்கு அடியில் நுழைந்து கூடத்தின் பாதி வரை இளவெயில் வந்து படுக்கும். அதில்தான் வற்றல் காயும், தலை காயும், என் முதுகு காயும். ஆடிக் காற்றில் மேற்கு ஓட்டைச் சுவர் விடிய விடிய விசிலடிக்கும். கண்மாய் வற்றினால் வெள்ளரி போடுவார்கள். ஊர் ஊராக மேய்த்து வரும் கீதாரிகளின் ஆடுகள் வெடிப்பில் கால் மாட்டாமல் ஒதுங்கி ஒதுங்கி மேயும். மாமனாருக்கு இதெல்லாம் தெரிந்துதான் கட்டினாரா, கொழும்பில் பார்த்ததை அப்படியே போட்டாரா என்று தெரியாது. எப்படியோ, மனுஷன் கெட்டிக்காரர்.

ஆனால் கரிசல் சும்மா இருக்குமா? மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். மேலே நிற்கிற வீடும் கூடவே ஏறி இறங்கும். மழை பொய்த்த ஒரு வருஷம் தென்கிழக்கு மூலை இறங்கியது. சட்டம் கோணி, கதவுகள் தண்டவாளத்தில் மாட்டிக்கொண்டன. அதன்பிறகு அவை நகரவே இல்லை. ஒவ்வொரு சித்திரையிலும் இவர் இழுத்துப் பார்ப்பார், தீப்பெட்டி ஆபீஸ் ஆட்களை விட்டு இழுக்கச் சொல்வார். அசையாது. "சரி, பாப்போம்" என்று விட்டுவிடுவார். எங்க வீட்டுக்காரர் சங்கரபாண்டிக்கு அந்த இரண்டு சொல்லை வைத்தே வாழ்க்கையை ஓட்டத் தெரியும்.

அவருடைய அண்ணன் சுந்தரபாண்டி அப்படி இல்லை. மதுரையில் மொத்த வியாபாரம். நினைத்தால் நினைத்ததுதான். நான் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். அவர் மகள் ஜெயப்பிரியாவுக்கு ஓட்டப்பிடாரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. எங்கள் குடும்பத்தில் பெண்ணுக்கு நிச்சயம் என்றால் மாமனார் கட்டிய இந்த வீட்டில்தான் நடக்கவேண்டும். அது சந்தோஷம்தான். ஆனால் பெரியத்தான் ஆனி மாதம் வந்தபோது கூடவே ஒரு வாஸ்துக்காரரையும் காரில் அழைத்து வந்தார். அப்போது ஊரெல்லாம் வாஸ்துப் பைத்தியம் பிடித்து ஆட்டிய நேரம். நல்லா இருக்கிற கக்கூசை இடித்து இன்னொரு மூலையில் கட்டினார்கள், நல்லா இருக்கிற கிணற்றை மூடினார்கள். வந்தவர் கையில் காந்த ஊசிப் பெட்டியை வைத்துக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்று கண்ணை மூடினார். பிறகு, தெற்கே தண்ணீரும் தெற்கே திறப்பும் இருந்தால் குடும்பத்தின் லட்சுமி அந்த வழியாகவே போய்விடுவாள் என்றார். கண்ணாடியை எடுத்துவிட்டுச் செங்கல் சுவர் எழுப்பவேண்டும். மேற்கு வாசலை அடைக்கவேண்டும். வடகிழக்கில் புது வாசல் வைக்கவேண்டும்.

"அத்தான், வடகிழக்குலதான் ஐப்பசி மழை மூஞ்சில அடிக்கும். அதுக்குத்தான மாமா வாசல மேக்க வச்சாவ?" என்று கேட்டேன்.

"ஒனக்கு என்னம்மா தெரியும்?" என்றார் பெரியத்தான். "தெறக்காத கதவுக்கு எதுக்குக் கண்ணாடி? நீயே சொல்லு."

என் வாய் சும்மா இருக்காதே. "தெறந்துட்டா?" என்றேன். "தெறந்துட்டா இருந்துட்டுப் போவுது" என்று சிரித்தார். "நிச்சயத்துக்குள்ள தெறக்கணும். இல்லன்னா சம்பந்தக்காரங்க போன மறுநாளே கொத்தனார் வந்துருவான்." இவர் பக்கத்தில் நின்று, "சரி, பாப்போம்" என்றார்.

அந்த வாரமே மேற்கு வாசலை அடைத்தார்கள். வடகிழக்கில் புது நிலை, புதுத் தேக்குக் கதவு. மதுரை ஆசாரிகள் வந்து ஒரு மயிரிழை இடைவெளி தெரியாமல் அம்சமாகப் பொருத்தினார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் மெச்சினார்கள். நான் மட்டும் உள்ளுக்குள் அடக்கமுடியாமல் சிரித்தேன். எங்கள் பக்கத்தில் கோடையில் கதவு மாட்டினால் விரல் போக இடம் விட்டுத்தான் மாட்டுவார்கள். சித்திரையில் அந்த இடைவெளியில் அணில் நுழைந்தாலும் பரவாயில்லை, கார்த்திகையில் திறந்தாகவேண்டுமே. சொல்ல வாயெடுத்தேன். "ஒனக்கு என்னம்மா தெரியும்" ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

என் கவலை கண்ணாடியைப் பற்றியது. தினமும் அதைத் துடைக்கிறவள் நான். ஒரு விஷயத்தை வருஷக்கணக்காகப் பார்த்தும் யோசிக்காமல் விட்டிருந்தேன். கோடையில் துடைக்கும்போது சட்டத்தின் மேல்மூலை உத்தரத்தோடு இறுகிக் கிடக்கும். ஒரு தீக்குச்சி நுழையாது. நல்ல மழை பெய்த கார்த்திகைகளில் அதே இடத்தில் துணியை மடித்து விட்டே துடைத்திருக்கிறேன். அப்படியானால் மழையில் மண் உப்பி மூலை மேலே வருகிறது, சட்டம் நேராகிறது. காற்று வேண்டும் என்று எல்லோரும் சித்திரையில்தான் கதவை இழுத்தார்கள். கொட்டுகிற மழையில் எவன் போய்க் கண்மாய்ப் பக்கக் கதவைத் திறப்பான்? இது தோன்றியதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மழை வரும் வரை காத்திருந்தால் ஆகாது, நாமே தொடங்கவேண்டும் என்று குடத்தைத் தூக்கினேன். தண்டவாளத்தில் அடைந்திருந்த கரிசல் மண்ணைக் கொண்டை ஊசியால் நோண்டி எடுத்தேன். சக்கரங்களுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டேன். புரட்டாசியில் இழுத்தேன், அசையவில்லை. ஐப்பசியில் மழை பிடித்ததும் இழுத்தேன். கறக்கென்று ஒரு சத்தம், விரலளவு நகர்ந்து நின்றுவிட்டது. அதற்கே உட்கார்ந்து அழுதேன். யாரிடமும் சொல்லவில்லை.

கார்த்திகையில் நிச்சயத்துக்கு முந்தின நாளிலிருந்து மழை விடவே இல்லை. கண்மாய் மளமளவென்று ஏறியது. சம்பந்தக்காரர்கள் வருகிற காலையில் வாடைக் காற்று வடகிழக்கிலிருந்து மழையை வாளி வாளியாக அள்ளிப் புதுக் கதவின்மேல் அடித்தது. உள்ளே நனைகிறது என்று பெரியத்தான்தான் கதவை அடித்துச் சாத்தினார். வெளியே வேன் சத்தம் கேட்டதும் சிரித்த முகமாகப் போய்த் தாழ்ப்பாளை எடுத்து இழுத்தார். கதவு வரவில்லை. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இழுத்தார். இவர் போய்ச் சேர்ந்து இழுத்தார். ஆபீஸ் ஆட்கள் இழுத்தார்கள். தேக்கு தண்ணீரைக் குடித்து உப்பி, மண்ணும் உப்பி நிலையை நெருக்கி, கதவு சுவரோடு சுவராகிவிட்டது. கைப்பிடி மட்டும் கழன்று பெரியத்தான் கையோடு வந்தது.

வெளியே மாப்பிள்ளையின் அப்பா செல்லத்துரை அண்ணாச்சியும் அவர் ஆட்களும் தாம்பாளங்களோடு வேனுக்கும் வாசலுக்கும் நடுவே நனைந்துகொண்டிருந்தார்கள். "என்ன அண்ணாச்சி, வரலாமா கூடாதா?" என்று குரல் வந்தது. பெரியத்தான் முகம் செத்துவிட்டது. கோடாலி கொண்டுவரட்டுமா என்று ஒருவன் கேட்டான். நிச்சயத்தன்று தலைவாசலை வெட்டுவதா? மேற்கு வாசல் இருந்த இடத்தில் சுவர். மிச்சம் இருந்தது அடுப்படிக் கதவு. அங்கே கரித்துணியும் கழுநீர்ப் பானையும். சம்பந்தக்காரர்களை அந்த வழியாகவா கூட்டிவருவது? ஜெயப்பிரியா தலை நிறையப் பூவோடு அறை வாசலில் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளையைப் பார்த்ததும் எனக்கு மற்றதெல்லாம் மறந்துபோனது.

நான் தெற்கே போனேன். சட்டத்தின் மேல்மூலையைப் பார்த்தேன். பகல் வெளிச்சம் கீற்றாகத் தெரிந்தது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு இழுத்தேன். நகர்ந்தது. ஐப்பசியில் நின்ற இடத்தைத் தாண்டி ஒரு ஆள் தலை நுழைகிற அளவு வந்து, என் பலம் போதாமல் நின்றது. மூச்சு வாங்கியது. எனக்கு ஒரு ஆள் வேண்டும். யாரைக் கூப்பிட வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"பெரியத்தான்! இங்கன வாங்க. ஒரு கை புடிங்க."

கூடமே திரும்பிப் பார்த்தது. அவர் உடைந்த கைப்பிடியோடு நின்றார். என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். பிறகு கைப்பிடியைக் கீழே போட்டுவிட்டு வந்து என் கைக்கு மேலே கை வைத்தார். "அத்தான், ஒரே இழுப்பு" என்றேன். இரண்டு பேரும் இழுத்தோம். கதவு ஒருமுறை முனகிற்று. அப்புறம் தண்டவாளத்தில் எண்ணெய் பட்ட இடம் வந்ததும் கடகடவென்று ஓடி மறுகோடியில் போய் டங்கென்று முட்டியது. அடுத்த கதவை அவரே தனியாகத் தள்ளினார். குளிர்ந்த காற்றும் தண்ணீர் வாசமும் கூடத்துக்குள் புகுந்தன. மழை வடக்கே அடித்துக்கொண்டிருந்தது. நீண்ட கூரைக்கு அடியில் தெற்கே ஒரு பொட்டுச் சாரல் இல்லை. எதிரே கண்மாய் கரை தொட்டுக் கிடந்தது. எனக்குக் கத்தவேண்டும்போல் இருந்தது. கத்தினேன். "தெறந்துட்டுல்லா! தெறந்துட்டுல்லா!" யார் என்ன நினைத்தால் என்ன?

வேனிலிருந்து தெற்குப் படி வரை சேறு முழங்கால் ஆழம். "சுவத்துக்கு இறக்குன அந்தக் கல்ல எடுத்துப் போடுங்கலே" என்று இவர் சத்தம் போட்டார். வாழ்க்கையில் முதல்முறையாகப் பாப்போம் என்று சொல்லாமல் மழையில் இறங்கி, செங்கலைத் தூக்கித் தூக்கி வரிசையாகப் போட்டார். அதன்மேல் ஒவ்வொருவராகக் கால் வைத்து, குடை பிடித்து, புடவையைத் தூக்கிப் பிடித்து, தாம்பாளம் சாயாமல் சம்பந்தக்காரர்கள் வந்தார்கள். செல்லத்துரை அண்ணாச்சி கூடத்துக்குள் காலை வைத்ததும் திரும்பிக் கண்மாயைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "அண்ணாச்சி, லட்சுமியை வாசல்லயே நிறுத்தி வச்சிருக்கீய! இந்த வீட்ட விட்டுட்டு மதுரையில போயி என்னத்தக் கண்டீய?" என்றார்.

பெரியத்தான் என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். "எங்கப்பா கட்டுனது" என்றார் அவர், நெஞ்சை நிமிர்த்தி. "வாசல் எப்பவும் தெக்கதான்."

எனக்கு வந்த சிரிப்பை அடக்க அடுப்படிக்கு ஓடவேண்டியதாயிற்று.

தாம்பூலம் மாற்றி, ஜெயப்பிரியாவுக்குப் பூ வைத்து, சாப்பாடு முடிந்து, மழை கொஞ்சம் வெறித்தபோது நான் வந்து தெற்குப் படியில் உட்கார்ந்தேன். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் செங்கல் வரிசைமேல் தாவித் தாவி விளையாடிக்கொண்டிருந்தார்கள். மிதிக்க மிதிக்க ஒவ்வொரு கல்லாகக் கரிசல் உள்ளே வாங்கிக்கொண்டிருந்தது. கடைசிக் கல்லுக்குக் கண்மாய் வந்துவிட்டிருந்தது. அதன்மேல் ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்று கூடத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தது.