அப்பா சொன்னதாக

அப்பா தணிகைவேல் தன் உள்ளங்கையைச் செலாமின் கைக்கு அடியில் வைத்துத் தேன்பெட்டிக்குள் மெல்ல இறக்கியபோது, பூர்ணிமா பத்தடி தள்ளி பலாமரத்தடியில் நின்றிருந்தாள். அதைத் தாண்டி அவள் வரக்கூடாது என்பது சின்ன வயதில் அப்பா போட்ட எல்லை. "பொட்டப்புள்ளைக்கு அங்க இன்னா வேல? போய்ப் படி" என்பார். மூன்று தடவை கேட்டிருக்கிறாள், மூன்று தடவையும் இதே பதில். நாலாவது தடவை கேட்காமல் போய்ப் படித்தாள். படித்துப் படித்தே ஜவ்வாது மலையை விட்டு இறங்கி, ஆம்பூர் பக்கம் காலணி செய்யும் படிப்பில் இரண்டாம் வருடத்துக்கு வந்துவிட்டாள்.

செலாம் அவளுடைய ஹாஸ்டல் அறைத்தோழி. தோல் பதனிடும் படிப்புக்காக எத்தியோப்பியாவிலிருந்து வந்தவள். சாப்பாட்டு வரிசையில் நின்றே 'இன்னா', 'காரம் ஜாஸ்தி', 'கம்மி' எல்லாம் பிடித்துக்கொண்டவள். எங்கள் ஊரும் மலைதான், உன் மலையைக் காட்டு என்று இரண்டு மாதமாக நச்சரித்தாள். தகரம் அடித்த குளியலறையைப் பார்த்து முகம் சுளிப்பாளோ என்றுதான் பூர்ணிமா தள்ளிப்போட்டாள். இந்தச் சனி, ஞாயிறுக்கு வேறு வழியில்லாமல் கூட்டி வந்தாள். ஆலங்காயத்தில் பஸ் மாறி மலையேறும்வரை அந்தப் பயம் மட்டும்தான் இருந்தது.

செலாம் எதற்கும் முகம் சுளிக்கவில்லை. வீட்டில் எல்லோருக்கும் அவளைப் பிடித்துப்போனது. அதற்குப் பூர்ணிமா தயாராக வந்திருக்கவில்லை. மத்தியானம் அம்மா கெங்கம்மாள் கோழிக்குழம்பு ஊற்றினாள். எப்போதும் பூர்ணிமாவுக்கென்று ஒதுக்கி வைக்கும் ஈரல், செலாமின் தட்டில் விழுந்தது.

"விருந்தாளிக்குத்தாண்டி" என்றாள் அம்மா. பூர்ணிமா எதுவும் கேட்டிருக்கவில்லை.

ஈரலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அப்பாவின் பேச்சைத்தான் தாங்க முடியவில்லை. போனில் "சாப்ட்டியா? சரி, வெச்சுடு" என்பதற்கு மேல் பேசாத மனிதர். செலாமின் அப்பாவும் தேனீ வளர்ப்பவர், மூங்கில் கூடு செய்து மரத்தில் கட்டுவார் என்று தெரிந்ததும் வாய் திறந்துவிட்டார். ராணித்தேனீ ஓடிப்போனால் எப்படித் தேடுவது, மழைக்கு முன்னால் கூட்டின் சத்தம் எப்படி மாறும், ஒரு வருஷம் எறும்பு புகுந்து அத்தனை கூடும் போய் அவர் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தது. அவருக்குள் இத்தனை சொற்கள் இருப்பது பூர்ணிமாவுக்குத் தெரியாது. அத்தனையும் அவள் வாய் வழியாகத்தான் ஆங்கிலமாகிப் போனது. குழாயில் ஓடுகிற தண்ணீர் குழாய்க்கா சொந்தம் என்று எண்ணிக்கொண்டே சொன்னாள்.

சாப்பாடு முடிந்து கை கழுவும்போது அப்பா சொன்னார்: "அடுத்த மாசம் தேன் எடுக்கறோம், அப்ப வரச் சொல்லு. ஓரத்துல இருக்குற பெட்டிய அவங்களே எடுக்கட்டும். நல்ல கை அவங்களுக்கு, நடுக்கமே இல்ல."

செலாம் ஆவலாகப் பூர்ணிமாவைப் பார்த்தாள். பூர்ணிமா பழைய சேலைத்துணியில் கையைத் துடைத்தாள்.

"கொட்டினால் ஆபத்தாம். இனிமேல் பெட்டிப் பக்கம் போக வேண்டாம் என்கிறார்."

ஆங்கிலத்தில் அதைச் சொல்ல மூன்று நொடி ஆகியிருக்காது. செலாமின் முகம் சுருங்கிப்போனது. அப்பாவின் பக்கம் திரும்பி, தெரிந்த தமிழைக் கோத்து, "சாரி அப்பா. தொட மாட்டேன்" என்றாள். வாசலுக்குப் போய்விட்டாள்.

தணிகைவேல் மகளைப் பார்த்தார். "நான் அதையா சொன்னேன்?"

"எனக்கு அதத்தான சொன்ன?"

"நீ சின்னப் புள்ள அப்ப."

"இப்ப?"

அவர் ஈரக் கையை வேட்டியில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார். "நீ படிக்கற புள்ளனு..." என்று ஆரம்பித்து அப்படியே நிறுத்திவிட்டார். அன்று முழுக்க அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகள் முடிகிற இடத்தில்தான் பூர்ணிமாவுக்கு வாய் வந்தது. உள்ளதைச் சொன்னாள். அப்பா கூப்பிட்டதை, நடுக்கமில்லாத கை என்றதை, தான் மாற்றிச் சொன்னதை. ஏன் என்று மட்டும் சொல்லவில்லை. செலாமும் கேட்கவில்லை. 

முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி செலாம் சொன்னாள்: "எங்கள் வீட்டில் அண்ணன்கள் மட்டும்தான் கூட்டைத் தொடலாம். நேற்றுதான் நான் முதல்முதலாகக் கை வைத்தேன்."

 மன்னிப்பு என்ற சொல்லை எந்த மொழியில் எடுப்பது என்று பூர்ணிமா தேடிக்கொண்டிருந்தபோதே சமவெளி வந்துவிட்டது. சிக்னல் கிடைத்த உடனே செலாம் போனை எடுத்தாள். எதிர்முனையில் வயதான ஓர் ஆண்குரல், அவள் அப்பாவாகத்தான் இருக்கும். அவள் தன் மொழியில் கடகடவென்று பேசினாள், சிரித்தாள், மறுபடி பேசினாள். பூர்ணிமாவுக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஒரு தடவை மட்டும், அந்த வெள்ளத்தின் நடுவே, 'பூர்ணிமா' என்று தெளிவாகக் கேட்டது. தன்னைப் பற்றி என்ன சொல்கிறாள் என்று பூர்ணிமா சட்டென்று திரும்பினாள். செலாம் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். வெளியே நிலக்கடலைக் காடு, அதில் குனிந்து களை எடுக்கும் பெண்கள், ஒருத்தி மட்டும் நிமிர்ந்து பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.