சுவருக்கு உள்ளே எண்ணிய கைகள்

1973 மார்ச். அயர்லாந்திலிருந்து வந்திருந்த டோலன் சாமியார் ஞாயிறு பூசையில் தன் தேசத்தைப் பற்றிப் பேசினார். அதன் வடக்கு மூலையை இங்கிலீஷ்காரன் தனியே வெட்டி வைத்துக்கொண்டானாம். இப்போது அந்த மூலைக்குள் மட்டும் ஓட்டெடுப்பு நடத்தி, பிரிந்தே இருக்கிறோம் என்று சொல்ல வைத்துவிட்டானாம்.

"முதலில் கோடு போட்டார்கள். பிறகு கோட்டுக்குள் தலைகளை எண்ணினார்கள். இது ஓட்டா?" என்று மேசையைத் தட்டினார். ரத்தம் சிந்தாமல் தன் நாடு ஒன்றுசேர வேண்டும் என்று ஜெபிக்கச் சொன்னார். ஜெபித்தோம்.

எங்கள் கல்லறையிலும் ஒரு கோடு உண்டு. ஆளுயரச் செங்கல் சுவர். உள்ளே, மேட்டில், ஊர்க் கிறிஸ்தவர்கள். வெளியே, ஏரிப் பள்ளத்தில், சேரிக் கிறிஸ்தவர்களான நாங்கள். போன மழையில் அப்பாவின் சவப்பெட்டி மேலே வந்து மிதந்தது. அதை முதலில் பார்த்தது அம்மா. இப்போது அவள் ஈரல் வீங்கிப் படுத்திருந்தாள்.

"என்னத் தண்ணியில போட்றாதடா நைனா." இதைத் தவிர அவளிடம் வேறு பேச்சில்லை.

இரும்புக் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்து, கரி முகத்தோடு சாமியாரிடம் போய் மேட்டில் ஒரு குழி கேட்டேன்.

"சண்டை வேண்டாம். ஓட்டுக்கு விடுவோம்" என்றார்.

அடுத்த ஞாயிறு, சம்மதிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னார். நாங்களும் தூக்கினோம்.

"நீங்கள் இல்லை. மேடு அவர்களுடையது. அவர்கள் சம்மதம்தான் வேண்டும்."

அவர்களில் கிரேஸ் டீச்சரின் கை மட்டும் எழுந்தது. அவள் புருஷன் அதைப் பிடித்து இறக்கினான்.

"கோடு போட்டுட்டு அப்பால தலைய எண்ணுறீங்களே, சாமி?" என்றேன்.

"அது தேசம், தம்பி. இது கல்லறை."

புதன்கிழமை அம்மா செத்தாள். பள்ளத்தில் இடுப்பளவு தோண்டியதுமே தண்ணீர் ஊறியது. என்னோடு குழி வெட்டிய சின்னராசு வாளியால் இறைத்தான்.

"உங்கம்மாவுக்கு நீச்சல் கத்துக் குடுத்து அனுப்பியிருக்கலாம்டா. இன்னா மொறைக்கிற? வாளியப் புடி."

டோலன் சாமியார் சுவரைச் சுற்றி எங்கள் பக்கம் வந்து நின்றார். பூட்ஸ் சேற்றில் இறங்கியது.

"பொறுத்திரு. ஒருநாள் அவர்களே மனம் மாறுவார்கள்."

"உங்க ஊர்லயும் இதையே சொல்லிக்கினு இருப்பீங்களா, சாமி?" என்று கேட்டேன்.

அவர் ஜெபப் புத்தகத்தை விரித்தார்.

பெட்டியை இறக்கினோம். மிதந்தது. 'நித்திய இளைப்பாற்றி' ஜெபத்தை அவர் வாசித்து முடிக்கும்வரை, ஆளுக்கொரு மூலையாக அதைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றோம்.